மொட்டைமாடிக்கு மேல வட்டமடிக்கிற பருந்தை வரையலாம் வாங்க... கலர் பென்சில் கையேடு!

"ஒரு கழுகு வரைங்க" என்று யாரிடம் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். வெள்ளைத் தலை, எலுமிச்சை மஞ்சளில் வளைந்த அலகு, முறைக்கிற கண், கருத்த உடம்பு. டி-ஷர்ட், ஜிம் போஸ்டர், பைக் ஸ்டிக்கர், டாட்டூ என எல்லா இடத்திலும் பார்த்துப் பழகிய முகம். அந்தப் பறவையின் பெயர் வெண்தலைக் கழுகு. வட அமெரிக்காவில் வாழ்வது. 1782 முதல் அமெரிக்க அரசு முத்திரையில் இருப்பது. நம் ஊர் வானத்தில் அது பறப்பதே இல்லை.

ஆனால், வெள்ளைத் தலையோடு ஒரு பறவை நம் தலைக்கு மேலேயே பறக்கிறது. செம்பருந்து. கோயில் கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே வட்டமிட்டால், "கருடன் வந்துடுச்சு" என்று எல்லோரும் கைகூப்புவார்களே, அதேதான். மீன்பிடித் துறைமுகம், ஏரி, குளம், வயல்வெளி என்று தண்ணீர் இருக்கும் இடங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். அமெரிக்கக் கழுகை மனப்பாடமாக வரையும் பலருக்கும் இதன் அலகு என்ன நிறம், கண் என்ன நிறம் என்று கேட்டால் பதில் தெரியாது.

கலர் பென்சில் இந்த விஷயத்தில் நல்ல வாத்தியார். மெதுவாகத்தான் வேலை செய்யும், அவசரப்பட்டால் ஒத்துழைக்காது. ஒரு பறவையின் தலையை மட்டும் வரையவே பல மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் ஒன்றை உற்றுப் பார்த்தால், அதை இனி வேறொன்றோடு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். செம்பருந்தை உதாரணமாக வைத்து, கண்ணில் தொடங்கிக் கால் நகம்வரை எப்படி வரைவது என்று பார்க்கலாம்.

முதலில் ஆளை அடையாளம் தெரிஞ்சுக்குவோம்

இரையைப் பிடித்துத் தின்னும் பறவைகளுக்குத் தமிழில் பொதுவாக இரைவாரிப் பறவைகள் என்று பெயர். நம் பேச்சில் எல்லாமே கழுகு அல்லது பருந்துதான். வரைவதற்கு அது போதாது. ஒவ்வொன்றுக்கும் உருவமும் நிறமும் வேறு.

செம்பருந்து: தலை, கழுத்து, மார்பு வெள்ளை. அந்த வெள்ளையில் பென்சிலால் கீறியது போல மெல்லிய கருங்கோடுகள். மற்ற உடம்பெல்லாம் செங்காவி. இறக்கை நுனி மட்டும் கறுப்பு. வால் நுனி வளைவாக இருக்கும்.

கரும்பருந்து: குப்பைமேடு, கறிக்கடை, மார்க்கெட் பக்கம் கூட்டமாகச் சுற்றுவது. உடம்பு முழுக்கப் பழுப்பு. வால் நடுவில் பிளவுபட்டு, மீன்வால் போலத் தெரியும். செம்பருந்துக் குஞ்சும் பழுப்பாகத்தான் இருக்கும் என்பதால், இரண்டையும் பிரித்துக் காட்டுவது வால்தான்.

கருந்தோள் பருந்து: வயல் ஓரத்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பறவை. மேலே சாம்பல், கீழே வெள்ளை, தோளில் கறுப்புத் திட்டு. சிவந்த கண். ஒரே இடத்தில் காற்றில் நின்றபடி சிறகடித்து எலியைத் தேடும்.

வல்லூறு: புறா அளவுதான் இருக்கும். நகரத்து மரங்களிலும் கூடு கட்டும். வளர்ந்த ஆணின் முதுகு சாம்பல். மார்பில் மெல்லிய செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள். கண் நல்ல சிவப்பு.

வெண்தலைக் கழுகையும் செம்பருந்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் வால் வெள்ளை, இதன் வால் செங்காவி. அதற்கு அலகு பளீர் மஞ்சள், இதற்கு வெளிறிய நீலச் சாம்பல். அதன் கண் வெளிர் மஞ்சள், இதன் கண் அடர் பழுப்பு. 'வெள்ளைத் தலை' என்பதைத் தவிர இரண்டுக்கும் பொருத்தமே இல்லை.

என்னென்ன வாங்கணும்?

120 கலர் பெட்டியைப் பார்த்ததும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க. செம்பருந்துக்கு 12 பென்சில் தாராளம்: வெள்ளை, க்ரீம், யெல்லோ ஓக்கர், பளிச் மஞ்சள், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் ஆம்பர், செபியா, வெளிர் வார்ம் க்ரே, கோல்ட் க்ரே, வெளிர் நீலம், இண்டிகோ, கறுப்பு.

பள்ளிக்கூட செட்டில் தொடங்கலாம். அதில் நிறமி குறைவு, முனை கெட்டி. அடர்நிறம் வர அதிக அடுக்கு தேவைப்படும். அவ்வளவுதான் வித்தியாசம். பழக்கம் வந்த பிறகு ஓவியர்களுக்கான பென்சில்களுக்குப் போகலாம். அவற்றில் இரண்டு வகை பிரபலம். ஃபேபர்-காஸ்டல் பாலிக்ரோமாஸ் போன்றவை எண்ணெய் கலந்தவை; முனை கூர்மையாக நிற்கும், இறகின் மெல்லிய கோடுகளுக்குப் பொருத்தம். பிரிஸ்மாகலர் பிரீமியர் போன்றவை மெழுகு கலந்தவை. வெண்ணெய் போல வழுக்கும், சீக்கிரம் அடர்நிறம் தரும், ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும். கலைப்பொருள் கடைகள் சிலவற்றில் உயர்தர பென்சில்களைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள். மேலே சொன்ன நிறங்களை மட்டும் அப்படி வாங்கினால் பணம் மிச்சம்.

பென்சிலைவிட முக்கியம் தாள். சாதாரண ஜெராக்ஸ் தாள் மூன்று அடுக்குக்கு மேல் தாங்காது. 200 ஜி.எஸ்.எம்-க்கு மேல் கனமுள்ள, லேசான சொரசொரப்புள்ள தாள் வாங்குங்கள். அந்தச் சொரசொரப்புதான் நிறத்தைப் பிடித்துவைக்கும் 'பல்'. ரொம்பச் சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் சின்ன இறகுக் கோடுகள் உடைந்து உடைந்து தெரியும்.

இவற்றோடு நல்ல ஷார்ப்னர், பிசைந்து வடிவம் மாற்றக்கூடிய நீடபிள் ரப்பர், மென்மையான பிரஷ் ஒன்று, ரீஃபில் தீர்ந்துபோன பால் பாயின்ட் பேனா ஒன்று. பிரஷ், பென்சில் தூளைத் தட்டிவிட. கையால் துடைத்தால் படம் முழுக்க அப்பிக்கொள்ளும். தீர்ந்த பேனா எதற்கு? இறகுக்கு வரும்போது சொல்கிறேன்.

பார்த்து வரைய போட்டோ எங்கே கிடைக்கும்?

நீங்களே எடுத்த போட்டோ என்றால் முதல் தரம். போன் ஜூமில் முகம் துல்லியமாக வராவிட்டாலும், பறவை உட்காரும் விதமும் வெளிச்சம் விழும் பக்கமும் தெரிந்தால் போதும். முகத்தின் விவரங்களுக்கு வேறு போட்டோக்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் எடுத்தால் உரிமம் பாருங்கள். கூகுளில் வந்துவிட்டது என்பதற்காக அது பொதுச்சொத்து ஆகிவிடாது. விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை இருக்கும். எடுத்தவர் பெயரைக் குறிப்பிடச் சொல்லியிருந்தால் இன்ஸ்டாவில் போடும்போது குறிப்பிடுங்கள். மற்ற போட்டோகிராபர்களின் படம் என்றால் ஒரு மெசேஜ் அனுப்பி அனுமதி கேட்டுவிடுவது மரியாதை.

இன்னொன்று. போட்டோவுக்காகக் கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். தாய்ப்பறவை பயந்து எழுந்து போனால் முட்டையும் குஞ்சும் வெயிலில் காயும், காக்கை தூக்கிப் போகும். பருந்தையோ ஆந்தையையோ பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1972-ம் ஆண்டு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

போட்டோ கிடைத்ததும் ஒரு சின்ன வேலை. அதை இரண்டு காப்பி எடுத்து, ஒன்றில் போன் எடிட்டரில் சாச்சுரேஷனை முழுக்கக் குறைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளையில் எது அடர்த்தி, எது வெளிச்சம் என்று பளிச்சென்று தெரியும். படம் 'தட்டையாக' இருக்கிறது என்று தோன்றினால், பெரும்பாலும் நிறத்தில் தப்பு இருக்காது; இந்த அடர்த்தியில்தான் கோளாறு இருக்கும்.

ஸ்கெட்ச்: இறகை மறந்துடுங்க

எடுத்ததும் இறகு இறகாக வரைய ஆரம்பிக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும் செம்பருந்து என்றால் முதலில் மூன்று உருவம்தான்: தலைக்கு ஒரு சின்ன முட்டை வடிவம், உடம்புக்குச் சாய்ந்த பெரிய முட்டை வடிவம், வாலுக்கு நீண்ட பட்டை. தலையின் நடுவிலிருந்து கீழே நேர்க்கோடு ஒன்று இழுத்துப் பாருங்கள். அது பாதத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். ரொம்பத் தள்ளி இறங்கினால் பறவை கிளையிலிருந்து விழப்போவது போலத் தெரியும்.

அடுத்தது கால். பறவையின் காலில் பின்பக்கம் மடங்குவதை முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில் கணுக்கால். முழங்கால், உடம்போடு ஒட்டி இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இது தெரிந்தால் கால் எந்தப் பக்கம் மடங்கும் என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.

அளவு பிசகாமல் வரக் கட்டம் போடும் முறை உதவும். போட்டோ பிரின்ட்டில் 2 சென்டிமீட்டர் கட்டங்கள். தாளிலும் அதே எண்ணிக்கையில் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன இருக்கிறதோ அதை மட்டும் மாற்றி வரையுங்கள். தாளில் கட்டத்தை ஹெச்.பி. பென்சிலால் மிக லேசாகப் போடுங்கள். அழுத்திய கோட்டின் மேல் வெளிர் நிறம் பூசினால் அடியிலிருந்து அழுக்காகத் தெரியும். வண்ணம் தொடங்குமுன் நீடபிள் ரப்பரால் ஒற்றி எடுத்து, கோடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி விடுங்கள்.

கண்: இங்கேதான் உயிர் வரும்

பலர் கண்ணைக் கடைசியில் வரைகிறார்கள். முதலில் வரைவது நல்லது. கண் சரியாக வந்துவிட்டால் மீதி வேலைக்கு உற்சாகம் தானாக வரும். வராவிட்டால் பத்து நிமிட உழைப்போடு வேறு தாளுக்குப் போய்விடலாம்.

1. கண்ணில் வெளிச்சம் மின்னும் சின்னப் புள்ளியை முதலில் குறித்து, அந்த இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். பின்னால் வெள்ளைப் பென்சிலால் வைத்தால் அந்தப் பளிச் வராது.

2. பாவையை, அதாவது நடுவிலிருக்கும் கறுப்பு வட்டத்தை, முதலில் இண்டிகோ, அதன் மேல் செபியா, கடைசியில் கறுப்பு என்று பூசுங்கள். வெறும் கறுப்பு மட்டும் பூசினால் ஓட்டை போலத் தெரியும்.

3. சுற்றியுள்ள வளையத்துக்கு பர்ன்ட் ஆம்பர். மேல் பாதியில் செபியா சேர்த்து இருட்டாக்குங்கள். கீழ்ப் பாதியில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா மின்னட்டும். புருவத்தின் நிழல் மேலே விழுவதால் அப்படி. இந்த ஒரு மாற்றத்தில் கண் உருண்டையாகத் தெரியும்.

4. கண்ணைச் சுற்றி மெல்லிய கருவிளிம்பு. ஒரே தடிமனில் வேண்டாம். மேலே கொஞ்சம் தடிமன், கீழே மெல்லிசு.

கழுகுகளின் 'கோபப் பார்வை' பற்றி ஒரு விஷயம். பல இரைவாரிப் பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே கூரை போல ஓர் எலும்புத் திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். நமக்கு அது நெரித்த புருவமாகத் தெரிகிறது. பறவைக்குக் கோபம் ஒன்றும் இல்லை. செம்பருந்துக்கு அந்தத் திட்டு அவ்வளவு எடுப்பாக இருக்காது, கண்ணும் கருமையானது. அதனால் முகத்தில் ஒரு சாந்தம் இருக்கும். கெத்தாக இருக்கட்டும் என்று புருவத்தைச் சாய்த்து, கண்ணை மஞ்சளாக்கினால் செம்பருந்து காணாமல்போய், பழைய போஸ்டர் கழுகு திரும்ப வந்துவிடும்.

அலகு: வழவழப்பு எப்படி வருது?

அலகு தொடங்கும் இடத்தில் மெழுகு பூசியது போல மிருதுவான தோல் பட்டை ஒன்று இருக்கும். மூக்குத் துளை அதில்தான். செம்பருந்துக்கு அது வெளிர் மஞ்சள். க்ரீம், அதன் மேல் லேசாக யெல்லோ ஓக்கர். மூக்குத் துளைக்கு செபியாவால் சின்னப் பிளவு.

அலகுக்கு முதல் அடுக்கு கோல்ட் க்ரே, மேலே வெளிர் நீலம். நுனியை நோக்கிப் போகப் போக நிறம் வெளிறட்டும். வளைவின் உச்சியில் ஒரு பட்டையை வெள்ளையாக விடுங்கள். அடிப்பக்கத்தில் இண்டிகோவால் நிழல். கடைசியில் வெள்ளைப் பென்சிலால் அழுத்தித் தேயுங்கள். தாளின் பற்கள் நிரம்பி, சொரசொரப்பு மறைந்து, கொம்பு போன்ற வழவழப்பு வரும். இதை பர்னிஷிங் என்கிறார்கள். பற்கள் நிரம்பிய இடத்தில் அதற்குப் பிறகு புது நிறம் ஏறுவது கஷ்டம். அதனால் இது எப்போதும் கடைசி வேலை.

வெள்ளைத் தலையை வெள்ளைப் பென்சிலால் வரைய முடியாது

வெள்ளைத் தாளில் வெள்ளைப் பறவை. என்ன செய்வது? நிழலைத்தான் வரைய வேண்டும். வெள்ளை என்பது நாம் விட்டுவைக்கும் இடம்.

வெளிச்சம் விழாத பக்கத்தில் கோல்ட் க்ரேயும் வெளிர் நீலமும் மிக லேசாக. கழுத்துக்குக் கீழே, செங்காவி உடம்பின் நிறம் பட்டுத் தெறிக்கும் இடத்தில் ஒரு துளி க்ரீம், வார்ம் க்ரே. பென்சிலைப் பின்பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். அழுத்தம் தானாகக் குறையும். கோடுகள் இறகு வளரும் திசையிலேயே போகட்டும்: அலகிலிருந்து பின்னந்தலைக்கு, அங்கிருந்து கழுத்துக்கு. முகத்தில் இறகு சின்னதாக இருப்பதால் கோடும் குட்டை. மார்புக்கு வரவர நீளம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தக் கருங்கோடுகள். செபியாவை ஊசிபோலக் கூராக்கி, ஒவ்வொரு இறகின் நடுத்தண்டிலும் ஒரு மெல்லிய கோடு. வரிசையாக, சம இடைவெளியில் போட்டால் சட்டைத் துணி டிசைன் ஆகிவிடும். சில நீளம், சில பாதி, சில இடத்தில் இல்லவே இல்லை என்று கலைத்துப் போடுங்கள்.

செங்காவி உடம்பு: அடுக்கு மேல் அடுக்கு

ஒரே பிரவுன் பென்சிலை எடுத்து அழுத்தித் தேய்த்தால் மண்சுவர் மாதிரி இருக்கும். செம்பருந்தின் நிறம் சூடானது. வெயிலில் செம்பு போல மின்னும். அதற்கு நான்கு அடுக்கு.

முதல் அடுக்கு யெல்லோ ஓக்கர், உடம்பு முழுக்க, லேசாக. இரண்டாவது பர்ன்ட் சியன்னா. வெளிச்சம் பலமாக விழும் இறகு ஓரங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில். மூன்றாவது பர்ன்ட் ஆம்பர், ஒவ்வோர் இறகும் அடுத்த இறகுக்கு அடியில் போகும் இடத்தில். நான்காவது இண்டிகோ, ஆழமான நிழல்களில் மட்டும். நீலமா என்று யோசிக்காதீர்கள். செம்பழுப்பின் மேல் இண்டிகோ விழுந்தால் கறுப்பைவிட ஆழமான, உயிருள்ள நிழல் கிடைக்கும். நிழலுக்குக் கறுப்பைத் தொட்டால் படம் கரி பூசியது போல ஆகும்.

இறகுகளைக் கூட்டமாகப் பாருங்கள். தோளில் மீன்செதில் போலச் சின்ன இறகுகள். அதற்குக் கீழே கொஞ்சம் பெரியவை. கடைசியில் விசிறி மடித்தது போல நீண்ட பறக்கும் இறகுகள். வெளிச்சம் விழும் ஓர் இடத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு இறகுகளைத் துல்லியமாக வரைந்தால் போதும். மற்ற இடங்களைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். எல்லா இறகையும் ஒரே கூர்மையில் வரைந்தால் பார்ப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது.

இப்போது தீர்ந்த பேனாவுக்கு வேலை. இறகின் நடுத்தண்டும் வெளிறிய ஓரமும் வர வேண்டிய இடங்களில், வண்ணம் பூசுமுன் அந்தப் பேனாவால் அழுத்திக் கோடு போடுங்கள். தாளில் பள்ளம் விழும். அதன் மேல் பென்சிலைச் சாய்த்துப் பூசினால் பள்ளத்துக்குள் நிறம் போகாது; வெளிர் கோடு தானாக நிற்கும். ஒரு துண்டுத் தாளில் பழகிவிட்டுச் செய்யுங்கள். பள்ளத்தை ரப்பரால் அழிக்க முடியாது.

பறக்கும் செம்பருந்து வரைவதாக இருந்தால் இறக்கை நுனியைக் கவனியுங்கள். இரைவாரிப் பறவைகளின் வெளி இறக்கையில் பத்து நீண்ட இறகுகள் உண்டு. விரித்துப் பறக்கும்போது நுனியில் அவை கைவிரல் போலப் பிரிந்து நிற்கும். கீழேயிருந்து பார்க்கையில் வெயில் இறக்கையை ஊடுருவும். அந்த இடத்தில் பர்ன்ட் சியன்னாவோடு கொஞ்சம் மஞ்சள் சேர்த்தால் ஒளி தெரியும்.

காலும் நகமும்

கால் மஞ்சள். பளிச் மஞ்சளை லேசாகப் பூசி, நிழல் பக்கம் யெல்லோ ஓக்கர், மடிப்புகளில் பர்ன்ட் ஆம்பர். மேல்பக்கம் குறுக்கே தட்டையான செதில்கள் அடுக்கியிருக்கும். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. நகம் முழுக்கறுப்பு இல்லை. மேல் வளைவில் மெல்லிய சாம்பல் ஒளிக்கோடு விடுங்கள், கூர்மை தெரியும். விரல்கள் கிளையைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். கிளையில் நிழல் போட மறந்தால் பறவை காற்றில் மிதக்கும்.

மற்ற பறவைகளுக்கு ஒரு சின்ன கலர் குறிப்பு

கரும்பருந்து: அடியில் யெல்லோ ஓக்கர், மேலே பர்ன்ட் ஆம்பர், செபியா. கண் அடர் பழுப்பு. கண்ணுக்குப் பின்னால் ஒரு கருந்திட்டு இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

வல்லூறு: முதுகுக்கு கோல்ட் க்ரேயும் இண்டிகோவும். மார்புக் கோடுகளுக்கு பர்ன்ட் சியன்னா. ஆணின் கண்ணில் ஆரஞ்சு அடுக்கின் மேல் அடர் சிவப்பு.

புள்ளி ஆந்தை: பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். பூசுமுன் தீர்ந்த பேனாவால் புள்ளிகளை அமுக்கி வைத்துவிடலாம். கண் மஞ்சள்.

கூகை: இதய வடிவ வெள்ளை முகம், கருங்கண். முகத்துக்கு வார்ம் க்ரே நிழல், முதுகுக்கு யெல்லோ ஓக்கரும் சாம்பலும்.

அடிக்கடி வர்ற சிக்கல்கள்

நிறம் ஏறவே மாட்டேங்குது: ஆரம்பத்திலேயே அழுத்திவிட்டீர்கள். நீடபிள் ரப்பரையோ செல்லோ டேப்பையோ லேசாக ஒற்றி எடுத்தால் மேல் மெழுகு கொஞ்சம் வரும். தேய்க்காதீர்கள்.

மேலே வெள்ளையாகப் புகை படிஞ்ச மாதிரி இருக்கு: மெழுகு கலந்த பென்சிலை அடர்த்தியாகப் பூசினால் சில நாளில் மெழுகு மேலெழும்பும். மென்மையான துணியால் மெதுவாகத் துடைத்தால் போய்விடும். முடித்த படத்துக்கு ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடித்தால் மறுபடி வராமல் தடுக்கலாம். ஜன்னலைத் திறந்துவைத்து அடியுங்கள்.

பென்சில் முனை உள்ளேயே உடையுது: கீழே விழுந்த பென்சிலாக இருக்கும். ஷார்ப்னர் பிளேடு மழுங்கியிருந்தாலும் இப்படி ஆகும்.

நிறம் மங்குது: எல்லாப் பென்சிலும் வெயிலைத் தாங்காது. உயர்தரப் பென்சில்களில் ஒளி தாங்கும் திறனை நட்சத்திரக் குறியால் காட்டியிருப்பார்கள். பொதுவாகக் காவி, பழுப்பு வகைகள் நன்றாக நிற்கும். பிங்க், ஊதா சீக்கிரம் வெளுக்கும். எதுவானாலும் நேர் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

படத்துக்குக் கீழே மூணு வரி

போட்டோ எடுக்க ஒரு நொடி போதும் என்கிற காலத்தில் இவ்வளவு மெனக்கெட்டு வரைவது எதற்கு? செங்கல்பட்டு பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பதில் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே கழுகு. பட்சி தீர்த்தம் என்றும் சொல்வார்கள். அந்த மலைக்கு உச்சிவேளையில் இரண்டு பறவைகள் வந்து, அர்ச்சகர் கொடுக்கும் உணவைச் சாப்பிட்டுப் போகும். அதைப் பார்க்கவே கூட்டம் மலை ஏறும். எல்லோரும் கழுகு என்று சொன்ன அவை மஞ்சள்முகப் பாறுகள். இறகில்லாத மஞ்சள் முகம், அழுக்கு வெள்ளை உடம்பு, கறுப்புப் பறக்கும் இறகுகள் கொண்ட பிணந்தின்னிப் பறவை. 1990-களுக்குப் பிறகு அவை அங்கே வருவதில்லை.

பாறுகள் இந்தியா முழுக்கவே சரிந்தன. 1990-களின் தொடக்கத்திலிருந்து 2007-க்குள் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்துதான் முக்கியக் காரணம். அந்த மாடு செத்தபின் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006-ல் தடை செய்யப்பட்டது. அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் இரண்டும் 2023-ல் தடையாயின. தமிழ்நாட்டில் பாறுகளுக்கு மிச்சமிருக்கும் முக்கியமான இடம் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கு.

அதே மஞ்சள்முகப் பாறுவின் இந்திய வகைக்கு அறிவியல் பெயரில் 'ஜிஞ்ஜினியானஸ்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜிஞ்ஜி என்றால் நம்ம செஞ்சி. பியர் சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-ல் வெளிவந்த தன் பயண நூலில் இந்தப் பறவையை 'செஞ்சிப் பாறு' என்று பதிவு செய்தார். பார்த்த பறவையோடு ஊர்ப் பெயரையும் ஒருவர் எழுதிவைத்ததால், அது 200 வருடம் தாண்டியும் அழியாமல் நிற்கிறது.

தமிழில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. காட்டுயிர் எழுத்தாளர் மா.கிருஷ்ணன் தன் கட்டுரைகளுக்குத் தானே படமும் வரைந்தார். 1950-ல் தொடங்கிய அவருடைய பத்தி, அவர் மறைந்த 1996 வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் வந்தது. எந்தப் பறவை, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தது என்பது எழுத்தில் இருக்கும். பக்கத்தில் கோட்டோவியம் இருக்கும்.

நீங்கள் முடித்த படத்தின் கீழே கையெழுத்து மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். பறவையின் சரியான பெயர், பார்த்த இடம், தேதி. மூன்று வரிதான். 'செம்பருந்து, காசிமேடு மீன்பிடித் துறைமுகம்' என்று எழுதிய படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டினால், வருகிற குழந்தை "இது என்ன பறவை?" என்று கேட்கும். பெயரைச் சொல்லி, மாடிக்கு அழைத்துப் போய், வானத்தில் அதையே காட்டலாம்.